ஹெட்போனோடு குடுமியான்மலைக்கு... பாறையில் ஒரு பழைய மெட்டும் ஒரு வீடியோ கேம் ரீமிக்ஸும்!

குடுமியான்மலைக்குப் போகிறவர்கள் வழக்கமாக அர்ச்சனைத் தட்டோடு போவார்கள். சிற்பம் பார்க்கப் போகிறவர்கள் கேமராவோடு போவார்கள். இந்த முறை ஒரு ஹெட்போனையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கிளம்புவதற்கு முன்பே வீட்டு வைஃபையில் ஓர் ஆல்பத்தையும் டவுன்லோடு செய்துவிடுங்கள். அது இலவசம்தான்.

புதுக்கோட்டையிலிருந்து குடுமியான்மலை சுமார் 20 கிலோமீட்டர். நகரத்தைத் தாண்டினால் செம்மண், தைலமரக் காடு, இடையிடையே கண்மாய், திடீரென்று முளைத்தது மாதிரி நிற்கும் மொட்டைப் பாறைகள். இந்த மாவட்டத்தில் பாறை என்றாலே சும்மா விடமாட்டார்கள். ஒன்று குடைந்திருப்பார்கள், இல்லையென்றால் எழுதியிருப்பார்கள். குடுமியான்மலையில் இரண்டும் உண்டு. அங்கே எழுதிவைத்திருப்பது நில தானமோ வரிக் கணக்கோ மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே இசை இருக்கிறது. சுரம் சுரமாக, வரி வரியாக, ஒரு பெரிய பாறை முழுக்க.

அதைப் பார்ப்பதற்கு முன்னால், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த ஆல்பத்தைக் கொஞ்சம் கேட்டுவிடலாம்.

பெயர் 'பேலன்ஸ் அண்ட் ருயின்'. 2013-ல் வெளிவந்தது. மொத்தம் 74 டிராக், ஐந்து சி.டி. அளவு. 1994-ல் ஜப்பானில் வெளியான 'ஃபைனல் ஃபேன்டஸி 6' என்ற வீடியோ கேமுக்கு நொபுவோ உயமாட்சு போட்ட பின்னணி இசையை, அந்த கேமின் ரசிகர்கள் தாங்களே புதிதாக வாசித்தும் பாடியும் தொகுத்தது. செய்தவர்கள் 'ஓவர்கிளாக்டு ரீமிக்ஸ்' என்ற ரசிகர் கூட்டம். 1999-ல் அமெரிக்காவில் டேவிட் லாயிட் என்பவர் தொடங்கியது. அன்றிலிருந்து பழைய கேம் மெட்டுகளை ஜாஸ், ராக், ஆர்கெஸ்ட்ரா, நாட்டுப்புற இசை என்று விதவிதமாக மாற்றி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கேம் இசையில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்கும் தாத்தா பாட்டிகள் வீட்டில் இருக்கலாம். அவர்களுக்காக ஒரு சின்ன ஃபிளாஷ்பேக்.

90-களில் வளர்ந்த அண்ணன், அக்கா யாரையாவது கேளுங்கள். டி.வி-யில் செருகி விளையாடிய அந்தப் பெட்டியையும், மஞ்சள் நிற 'கேசட்'டையும், ஓடாவிட்டால் அதை எடுத்து வாயால் ஊதி மறுபடி போட்டதையும் கண்கள் மின்னச் சொல்வார்கள். நம் ஊர்க் கடைகளில் கிடைத்தவை பெரும்பாலும் ஜப்பானின் நின்டெண்டோ 1983-ல் கொண்டுவந்த மெஷினின் நகல்கள். அந்த மெஷினால் ஒரே நேரத்தில் ஐந்து ஒலிகளைத்தான் எழுப்ப முடியும். மெட்டுக்கு இரண்டு, அடிநாதத்துக்கு ஒன்று, டிரம்ஸ் மாதிரி 'ஸ்ஸ்' என்று இரைய ஒன்று, பதிவு செய்த சின்னச் சின்னத் துணுக்குகளுக்கு ஒன்று. 1985-ல் வந்த 'சூப்பர் மரியோ'வுக்கு கோஜி கோண்டோ போட்ட இசை இந்த ஐந்துக்குள் அடங்கியதுதான். இன்றைக்கும் அதை ஒருவர் வாயால் முணுமுணுத்தால் அடுத்தவர் தொடர்ந்து முடித்துவிடுவார்.

வசதி குறைவாக இருந்ததால் மெட்டு பலமாக இருந்தாக வேண்டிய கட்டாயம். வயலின் கிடையாது, குரல் கிடையாது, தபலா கிடையாது. இசையமைப்பாளர் ஒரு கோட்டோவியம் மட்டும் வரைந்து கொடுத்தார். வண்ணத்தைக் கேட்டவர்கள் மனதுக்குள் பூசிக்கொண்டார்கள். பிற்பாடு வளர்ந்து, கையில் கிட்டாரும் கம்ப்யூட்டரும் வந்ததும், மனதுக்குள் கேட்டுக்கொண்டிருந்ததை வெளியே வாசித்துக் காட்டினார்கள். ரசிகர்களின் ரீமிக்ஸ் என்பது இதுதான்.

'பேலன்ஸ் அண்ட் ருயி'னின் மூல கேம் ஓடிய மெஷின் இன்னும் கொஞ்சம் பெரியது. எட்டு ஒலிகள் வரை தரும். ஆனால் ஒலிக்கென்று ஒதுக்கிய நினைவகம் வெறும் 64 கிலோபைட். குடும்ப குரூப்பில் காலையில் வந்து விழும் ஒரு 'குட் மார்னிங்' படம்கூட இதைவிடப் பெரிதாக இருக்கும். அந்த இடத்துக்குள் உயமாட்சு ஓர் ஆப்பரா காட்சியையே வைத்தார். கதாநாயகி மேடையேறிப் பாட வேண்டும். மெஷினாலோ பாட முடியாது. என்ன செய்தார்கள் தெரியுமா? பாட்டு வரிகள் திரையில் எழுத்தாக ஓடும். பின்னால் மனிதக் குரல் மாதிரி ஒரு செயற்கை ஒலி 'ஆ... ஆ...' என்று மெட்டை மட்டும் இழுக்கும். எழுத்து ஒரு பக்கம், மெட்டு ஒரு பக்கம். குரல் மட்டும் இல்லை. பிற்பாடு இதே ரசிகர் கூட்டம் வெளியிட்ட 2,000-ஆவது ரீமிக்ஸ் அந்த ஆப்பராவைத்தான் எடுத்துக்கொண்டது. அதில் நிஜ மனிதர்கள் பாடினார்கள். பல வருடங்கள் ஊமையாக இருந்த பாத்திரத்துக்குக் குரல் வந்ததைக் கேட்ட பழைய ரசிகர்களின் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

ஆல்பத்தில் 74-ம் பிரமாதம் என்று சொல்ல முடியாது. சில டிராக்குகளில் கிட்டார் இரைச்சலுக்குள் மெட்டை டார்ச் அடித்துத் தேட வேண்டியிருக்கிறது. சிலவற்றில் மூலத்தை அப்படியே நல்ல வாத்தியத்தில் வாசித்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள். நன்றாக இருப்பவை இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பவை. பழைய மெட்டு சட்டென்று அடையாளம் தெரியும், ஆனால் அது இதுவரை போகாத தெருவழியாகப் போகும். பஸ் குடுமியான்மலையில் நிற்கும்போது அப்படி ஒன்று ஓடிக்கொண்டிருந்தால் அதிர்ஷ்டம். ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு இறங்குங்கள்.

சாமிக்குக் குடுமி வந்த கதை

ஊர்ப் பெயருக்கே ஒரு கதை உண்டு. கோயில் அர்ச்சகர் ஒருவர் சாமிக்கு வைத்திருந்த பூவைத் தன் காதலிக்குக் கொடுத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து ராஜா வந்து நிற்கிறார். பதறிப்போன அர்ச்சகர் அந்தப் பூவையே வாங்கிவந்து பிரசாதமாகக் கொடுக்க, அதில் ஒரு நீளமான தலைமுடி. "சாமிக்குக் குடுமி இருக்கு மகாராஜா" என்று சமாளித்தார் அர்ச்சகர். காட்டு என்றார் ராஜா. பக்தனைக் காப்பாற்ற லிங்கத்தின் உச்சியில் குடுமி முளைத்ததாம். சிகாநாதர், குடுமிநாதர் என்ற பெயர்களுக்கெல்லாம் அதுதான் காரணம் என்கிறார்கள். அம்மன் பெயர் அகிலாண்டேஸ்வரி.

மண்டபத்துத் தூண்களில் ரதி, மன்மதன், பத்துத் தலை ராவணன், குதிரை வீரன் என்று ஆளுயரச் சிற்பங்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் கால் மணி நேரம் நிற்கலாம். பிள்ளைகள் ராவணனின் தலைகளை எண்ணத் தொடங்குவார்கள், எண்ணட்டும். மலைமேல் பாறையில் நாயன்மார் 63 பேரையும் வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். இதற்கே பாதி நாள் போய்விடும். சிற்பங்களைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம் என்பதால் இங்கே வேகமாகக் கடந்து மலையடிவாரத்துக்குப் போகலாம்.

அங்கே இருப்பது மேலைக்கோயில் என்ற குடைவரை. பாறையைக் குடைந்து உருவாக்கிய சின்ன சிவன் கோயில். பூட்டியிருந்தால் கோயில் ஊழியர்களிடம் கேட்டுப் பாருங்கள். குகைக்குத் தெற்குப் பக்கம், பாறையிலேயே புடைப்பாகச் செதுக்கிய பிள்ளையாரை ஒட்டி, சரிந்து இறங்கும் பாறை முகத்தில் இருக்கிறது அந்தக் கல்வெட்டு. சுமார் 13 அடிக்கு 14 அடி. 38 வரி.

முதலில் ஒன்றும் புரியாது. கிரந்த எழுத்து. வெயில் நேராக விழும்போது எழுத்தே கண்ணுக்குத் தெரியாது. பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால்தான் பள்ளங்களில் நிழல் தங்கி எழுத்து எழுந்து நிற்கும். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு விஷயம் பிடிபடும். எழுத்துகள் நாலு நாலாகக் கூடி நிற்கின்றன. ஒரு வரியில் 16 கூட்டம். 16 பெருக்கல் 4, ஆக வரிக்கு 64 சுரம்.

கம்ப்யூட்டரில் இசை செய்கிற பிள்ளைகள் யாராவது கூட வந்திருந்தால் இந்த இடத்தில் திடுக்கிடுவார்கள். 1980-களின் கடைசியில் 'டிராக்கர்' என்றொரு வகை மென்பொருள் வந்தது. கேம் இசையும் வீட்டு அறை ரீமிக்ஸும் வளர்ந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அதிலும் சுரங்களை எழுத்தாகத்தான் டைப் செய்ய வேண்டும். அதிலும் ஒரு 'பேட்டர்ன்' என்பது 64 வரிசை. இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது, தற்செயல்தான். நாலு நாலாக எண்ணுவது மனிதக் காதுக்குப் பிடித்த பழக்கம்போல.

சிவனை வணங்கித் தொடங்கும் கல்வெட்டு ஏழு பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு ராகத் தலைப்பு: மத்யமகிராமம், ஷட்ஜகிராமம், ஷாடவம், சாதாரிதம், பஞ்சமம், கைசிகமத்யமம், கைசிகம். கடைசியில், ருத்ராசாரியரின் சீடனும் சிவபக்தனுமாகிய ஓர் அரசன் இந்தச் சுரங்களை மாணவர்களின் நன்மைக்காகச் செய்தான் என்று வடமொழியில் ஒரு குறிப்பு. அரசன் பெயர் இல்லை. அதனால்தான் நூறாண்டாக விவாதம். இசையில் நாட்டம் கொண்ட பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன்தான் என்று ஒரு கட்சி. இந்தப் பகுதி அவன் ஆட்சியில் இருந்ததற்கு ஆதாரம் எங்கே என்று மறு கட்சி. எழுத்தமைதியை வைத்து 7 அல்லது 8-ஆம் நூற்றாண்டு என்கிறார்கள்.

வடமொழிக் குறிப்புக்குக் கீழே தமிழிலும் ஒன்று இருக்கிறது. இந்தச் சுரங்கள் எட்டுக்கும் ஏழுக்கும் பொருந்தும் என்பது அதன் சாரம். எட்டு நரம்பு, ஏழு நரம்பு வீணை இரண்டிலும் வாசிக்கலாம் என்று அறிஞர்கள் பொருள் சொல்கிறார்கள். 'பரிவாதினி' என்ற வீணைப் பெயரும் பாறையில் இருக்கிறது. அதாவது, இது எந்தெந்த மாடலில் ஓடும் என்று அப்போதே எழுதிவைத்துவிட்டார்கள்!

பாறையில் இல்லாதது

இனிமேல்தான் சிக்கலும் சுவாரஸ்யமும்.

நமக்குத் தெரிந்தது ச, ரி, க, ம, ப, த, நி. இந்தப் பாறையில் அது அப்படி நிற்கவில்லை. ஒவ்வொரு சுரமும் நாலு விதமாக வருகிறது: ர, ரி, ரு, ரெ. ச, சி, சு, செ. இப்படியே மற்றவையும். சில எழுத்துகளின் தலையில் புள்ளி வேறு. இந்த உயிரெழுத்து மாற்றம் எதைக் காட்டுகிறது? சுருதியின் நுட்பமான ஏற்ற இறக்கமா, வீணையில் விரல் மீட்டும் விதமா? ஆராய்ச்சியாளர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். வாசித்துக் காட்டிய குருவுக்கும் எழுதிக்கொண்ட சீடனுக்கும் அது சொல்லாமலே புரிந்திருக்கும். அந்தக் குருவும் சீடனும் போய்ச் சேர்ந்து பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன.

எவ்வளவு வேகத்தில் வாசிப்பது? பாறையில் இல்லை. எங்கே அசைப்பது, எங்கே இழுப்பது? இல்லை. சாகித்யம்? ஒரு வார்த்தை கிடையாது. ஐந்து ஒலி கேம் மெஷினில் இருந்ததைவிடவும் மெலிந்த கோட்டோவியம் இது.

1904-ல் கல்வெட்டுத் துறையினர் கண்ணில் பட்டபோது இங்கே புதுக்கோட்டை சமஸ்தானம். கல்வெட்டைப் படியெடுப்பது தனி வேலை. பாறையைக் கழுவி, ஈரத் தாளை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளத்துக்குள் தாளை இறக்கி, மேலே மையை ஒற்றி எடுக்க வேண்டும். பள்ளம் வெள்ளையாகவும் மற்ற இடம் கறுப்பாகவும் வரும். இதற்கு மைப்படி என்று பெயர். கேம் ரசிகர்களும் ஏறக்குறைய இதையே செய்கிறார்கள். மெஷினின் 64 கிலோபைட் ஒலி நினைவகத்தை அப்படியே ஒற்றி எடுத்து ஒரு கோப்பாக்கி வைத்துக்கொள்கிறார்கள். அது கையில் வந்த பிறகுதான் எந்தச் சுரம், எந்த ஒலி என்று பிரித்துப் பார்த்து, ரீமிக்ஸ் செய்ய உட்காருகிறார்கள். படியெடுக்காமல் பாட்டு இல்லை.

குடுமியான்மலை மைப்படியை பி.ஆர்.பண்டார்க்கர் படித்து 'எபிகிராஃபியா இண்டிகா'வின் 12-ஆம் தொகுதியில் வெளியிட்டார். பல்லவர் வரலாற்றை எழுதிய சி.மீனாட்சி இதை மகேந்திரவர்மனோடு சேர்த்து விரிவாக ஆராய்ந்தார். இங்கிலாந்தின் இசை ஆய்வாளர் ரிச்சர்ட் விட்டெஸ் 1979-ல் இதற்கென்றே ஒரு கட்டுரை எழுதி, சுரங்களை இன்றைய முறையில் எழுதிக் காட்டினார். இவர்களை ரசிகர்கள் என்று சொன்னால் ஆய்வாளர்கள் கோபித்துக்கொள்ளலாம். ஆனால் யாரும் கேட்காமல், சம்பளத்துக்கு மீறி, ஒரு பழைய மெட்டின் பின்னால் வருடக்கணக்கில் அலைவதற்கு வேறு என்ன பெயர்?

இந்தச் சுரங்களை இன்று யார் வாசித்தாலும் அது ரீமிக்ஸாகத்தான் இருக்கும். வேகத்தை வாசிப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். கமகத்தை அவர்தான் சேர்க்க வேண்டும். வாத்தியத்தையும் அவர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், பரிவாதினி வீணை கடையில் கிடைப்பதில்லை. இப்படிச் செய்வதை மூலத்துக்குச் செய்யும் துரோகம் என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்லும்படி நடந்தால் பாறை பாறையாகவே இருக்கும், ஒரு சத்தமும் வராது. பாறையை எழுதியவனே மாணவர்களுக்காக என்றுதானே எழுதினான். மாணவன் என்றால் வாசித்துப் பார்ப்பவன். முதல் நாள் தப்பாகவும் வாசிப்பான்.

கொஞ்சம் உதவியும் கிடைக்கிறது. இந்த ஏழில் சில பெயர்கள் தேவாரப் பண்களில் தங்கிவிட்டன. சாதாரிதம் அங்கே சாதாரி. கைசிகம் அங்கே கௌசிகம். பஞ்சமம் அதே பெயரில். இன்றைய ஓதுவார்கள் சாதாரியைப் பந்துவராளியிலும், கௌசிகத்தைப் பைரவியிலும், பஞ்சமத்தை ஆகிரியிலும் பாடுகிறார்கள். பாறையில் இருக்கும் ராகமும் ஓதுவார் பாடும் ராகமும் ஒன்றே என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. நடுவில் எத்தனையோ வாய்கள், எத்தனையோ காதுகள். பெயர் மட்டும் கைமாறிக் கைமாறி வந்து சேர்ந்திருக்கிறது. கேம் உலகத்திலும் இதற்கு உதாரணம் உண்டு. 'டெட்ரிஸ்' விளையாடிய எல்லோருக்கும் தெரிந்த அந்த மெட்டு கேமுக்காகப் பிறந்ததே இல்லை. அது 'கொரோபெய்னிகி' என்ற 19-ஆம் நூற்றாண்டு ரஷ்யப் பாட்டு. 1989-ல் கையடக்க கேம் பாய்க்குள் நுழைந்து, நாலே ஒலிகளில் ஒலித்து, ரஷ்யா எங்கே இருக்கிறது என்று தெரியாத பிள்ளைகளின் வாயிலும் வந்து உட்கார்ந்துகொண்டது.

புதுக்கோட்டைக்கும் இந்தப் பழக்கம் புதிதில்லை. பஜனைகளில் தட்டிக்கொண்டிருந்த சின்ன வாத்தியத்தைக் கச்சேரி மேடைக்கு ஏற்றியவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. அந்த வாத்தியம்தான் கஞ்சிரா. அவருடைய சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளை அதோடு மிருதங்கத்திலும் புகழ்பெற்றார். இன்று மேடையில் கஞ்சிராவைப் பார்த்து யாரும் புருவம் உயர்த்துவதில்லை.

மேலைக்கோயில் முன்னால் நிற்கும்போது இரண்டு விஷயங்கள். எழுத்து தெளிவாகத் தெரியட்டும் என்று சாக்பீஸ், மாவு எதையும் தேய்க்க வேண்டாம். விரலால் வருடிப் பார்க்கும் ஆசையையும் அடக்கிக்கொள்ளுங்கள். படம் எடுக்கலாமா என்று முதலில் கேளுங்கள். அனுமதித்தால் காலையோ மாலையோ வெளிச்சம் சாய்வாக விழும் நேரத்தில் எடுங்கள். கைபேசியில் இலவச இசை ஆப் வைத்திருக்கும் பிள்ளைகள் 16 கட்டம், கட்டத்துக்கு 4 சுரம் என்று பிரித்து, வெளியாகியிருக்கும் பாடத்தைப் பார்த்து ஒரு வரியை மட்டும் உள்ளே போட்டுப் பார்க்கலாம். வீட்டில் பாட்டுக் கற்றுக்கொள்ளும் தங்கை இருந்தால் அவளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். உயிரெழுத்து மாற்றத்தை என்ன செய்வது என்று நிச்சயம் சண்டை வரும். ஆய்வாளர்களுக்கே வந்த சண்டைதான்.

நேரமிருந்தால் திரும்பும்போது திருமயத்துக்கும் போய்வாருங்கள். புதுக்கோட்டையிலிருந்து தெற்கே அதுவும் 20 கிலோமீட்டர்தான். கோட்டையைப் பார்க்கக் கூட்டம் வரும், அடிவாரத்தில் அருகருகே சிவனுக்கும் பெருமாளுக்கும் குடைவரைகள். சிவன் குகையிலும் ஒரு காலத்தில் இதேபோல இசைக் கல்வெட்டு இருந்தது. 13-ஆம் நூற்றாண்டில் இரண்டு கோயில்களுக்கும் இடையே வருமானத்தைப் பங்குபோடுவதில் தகராறு. அதைப் பேசித் தீர்த்து, தீர்ப்பைக் கல்லில் வெட்ட இடம் வேண்டியிருந்தது. பழைய எழுத்தைச் செதுக்கி அழித்துவிட்டு அதே இடத்தில் வெட்டினார்கள். அந்தத் தீர்ப்பை இன்றும் படிக்கலாம். இசையில் மிச்சமிருப்பது பரிவாதினி என்ற பெயரும், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில சுரப் பெயர்களும் மட்டும். அந்த மெட்டை ரீமிக்ஸ் செய்ய யாராலும் முடியாது.